லண்டன் டிகிரி, சென்னையிலயே மூணு வருஷம்… தம்பிய சேர்க்கலாமா?

கொங்குப்பொண்ணு

வணக்கம்ங்க எல்லாருக்கும். தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சுட்டான், காமர்ஸ் குரூப், மார்க்கும் பரவால்லாம வந்திருக்கு. ஈரோட்டுலயே நல்ல காலேஜ்ல பி.காம் சீட் கிடைக்கும், ஆனா அவன் மனசு அங்க இல்லைங்க. ஒரு ஹோட்டல்ல எஜுகேஷன் ஃபேர் போட்டிருந்தாங்க, அங்க போயிட்டு வந்ததுல இருந்து வீட்டுல ஒரே பாட்டு தான். சென்னையில ஒரு இன்ஸ்டிடியூட் (பேரு வேண்டாமே), பிசினஸ் மேனேஜ்மென்ட் பி.ஏ, மூணு வருஷமும் சென்னையிலயே உக்காந்து படிச்சா போதும், சர்டிஃபிகேட்ல இங்கிலாந்து யுனிவர்சிட்டி பேரு தான் வரும், அங்க போய் படிச்சா ஆகற செலவுல மூணுல ஒரு பங்கு தான்னு சொல்லியிருக்காங்க. வருஷத்துக்கு நாலு லட்சம், ஹாஸ்டல் தனி.

அப்பா விசைத்தறி வச்சிருக்காரு, இப்ப தொழில் இருக்கற நிலைமைக்கு நாலு லட்சம்ங்கறது சும்மா இல்லைங்க, அம்மா நகைய வெச்சு தான் முதல் வருஷம் கட்டணும். நான் அந்த இன்ஸ்டிடியூட்டோட கவுன்சிலர் மேடம் கிட்ட ஃபோன்ல யு.ஜி.சி (பல்கலைக்கழக மானியக் குழு) அப்ரூவல் இருக்கான்னு கேட்டேன், அதுக்கு அவங்க "இது ஃபாரின் டிகிரி மேடம், யு.ஜி.சி இந்தியன் டிகிரிக்கு தான், எங்களுக்கு தேவையே இல்ல"ன்னு அவ்வளவு கூலா சொல்றாங்க. அது சரியா தப்பான்னே எனக்கு புரியல.

என் சந்தேகம் இது தான். இந்த டிகிரிய வெச்சு பின்னாடி பேங்க் எக்ஸாம், டி.என்.பி.எஸ்.சி எழுத முடியுமா? எம்.பி.ஏ சேரலாமா? வெளிநாட்டுல மாஸ்டர்ஸ் போனா ஒத்துக்குவாங்களா? அப்புறம் இங்க சென்னையில பாடம் நடத்தறவங்க சரியா நடத்தறாங்களான்னு அந்த இங்கிலாந்து யுனிவர்சிட்டிக்காரங்க வந்து பாப்பாங்களா, இல்ல பேர மட்டும் குடுத்துட்டு காச வாங்கிக்குவாங்களா? 25,000 ரூபா சீட் பிளாக்கிங்னு ஏற்கனவே கட்டியாச்சுங்க, அப்பா யார்கிட்டயும் கேக்காம கட்டிட்டாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஃபைல்நம்பர்

சிஸ்டர், நான் ஒரு நிகர்நிலை பல்கலைக்கழகத்துல இன்டர்நேஷனல் ஆபீஸ்ல தான் வேலை பாக்கறேன், இந்த எம்.ஓ.யு, கொலாபரேஷன் ஃபைல் எல்லாம் என் டேபிள் வழியா தான் போகும். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

அந்த கவுன்சிலர் சொன்னது சுத்த பொய். வெளிநாட்டு யுனிவர்சிட்டி டிகிரி இந்திய மண்ணுல செல்லணும்னா சட்டப்படி இப்போதைக்கு ரெண்டு வழி தான் இருக்கு, ரெண்டுமே யு.ஜி.சி விதிக்குள்ள வர்றது (குஜராத் கிஃப்ட் சிட்டி மட்டும் தனி, கீழ சொல்றேன்). முதல் வழி, இந்திய யுனிவர்சிட்டியும் வெளிநாட்டு யுனிவர்சிட்டியும் சேர்ந்து நடத்தறது, ட்வின்னிங், ஜாயின்ட் டிகிரி, டூயல் டிகிரின்னு மூணு வகை. இதுக்கு 2022 மே மாசம் விதி வந்துச்சு. நம்ம பக்கம் இருக்கற நிறுவனம் நாக்ல (காலேஜ், யுனிவர்சிட்டி தரத்துக்கு மார்க் போடற அமைப்பு) 3.01 ஸ்கோராவது வெச்சிருக்கணும், இல்ல என்.ஐ.ஆர்.எஃப்ங்கற மத்திய அரசு தரவரிசையோட யுனிவர்சிட்டி லிஸ்ட்ல முதல் 100ல இருக்கணும், இல்ல மத்திய அரசு இன்ஸ்டிடியூஷன் ஆஃப் எமினன்ஸ்னு தேர்வு பண்ணதா இருக்கணும். அந்த பக்கம் இருக்கறவங்க கியூ.எஸ் இல்லாட்டி டைம்ஸ்ங்கற உலக ரேங்கிங்ல முதல் 1000. இது ரெண்டும் இருந்தா தனியா அனுமதி கேக்க வேண்டாம், நேரா ஒப்பந்தம் போட்டுக்கலாம், மத்தவங்க யு.ஜி.சி கிட்ட போய் நிக்கணும். ட்வின்னிங்னா டிகிரி குடுக்கறது இந்திய நிறுவனம் மட்டும் தான், பையன் 30 சதவீத கிரெடிட் (பாட அளவு) வரைக்கும் வெளிநாட்டுல படிச்சுட்டு வரலாம். ஜாயின்ட்னா ஒரே சர்டிஃபிகேட்ல ரெண்டு பேரோட முத்திரையும் இருக்கும், ரெண்டு பக்கமும் குறைஞ்சது 30 சதவீதம் படிக்கணும். டூயல்னா ரெண்டு பேரும் தனித்தனியா குடுப்பாங்க. எதுவா இருந்தாலும் ஆன்லைன்லயோ தபால்லயோ செய்ய முடியாது, ஃபிரான்சைஸ் (பேர மட்டும் குடுத்து வேற ஆள் நடத்தறது) கூடவே கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கு.

ரெண்டாவது வழி, வெளிநாட்டு யுனிவர்சிட்டியே இங்க வந்து சொந்தமா கேம்பஸ் போடறது. அதுக்கு 2023 நவம்பர்ல விதி. இங்கிலாந்தோட சவுத்தாம்ப்டன் யுனிவர்சிட்டி குருகிராம்ல 2025ல ஆரம்பிச்சது இப்படி தான். குஜராத் கிஃப்ட் சிட்டியில 2024ல ஆஸ்திரேலியாவோட டீக்கின், வொல்லங்காங் யுனிவர்சிட்டி ரெண்டும் வந்தது வேற கணக்கு, அது யு.ஜி.சி இல்ல, அங்க இருக்கற நிதி மைய ஆணையத்தோட அனுமதி. வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா யுனிவர்சிட்டி மும்பைக்கும் நம்ம சென்னைக்கும் வர்றதா அறிவிச்சிருக்காங்க. யு.ஜி.சி அனுமதி வாங்கின கேம்பஸ்ல படிச்சா அங்க தாய் நாட்டுல குடுக்கற அதே டிகிரி, அதுக்கு மேல தனியா ஈக்விவலன்ஸ் (இந்திய பட்டத்துக்கு சமம்ங்கற சான்று) வாங்க வேண்டிய வேலையும் இல்ல.

நீங்க சொல்றது இந்த ரெண்டுலயும் அடங்கலைன்னா அது ஃபிரான்சைஸ். தனியார் இன்ஸ்டிடியூட் ஒண்ணு வாடகை பில்டிங்ல வெளிநாட்டு யுனிவர்சிட்டியோட சிலபஸ நடத்தறது. 2023 டிசம்பர்லயே யு.ஜி.சி பகிரங்கமா நோட்டீஸ் விட்டாங்க, காலேஜோ எட்டெக் (ஆன்லைன் கல்வி) கம்பெனியோ இப்படி குடுக்கற டிகிரிக்கு அங்கீகாரம் கிடையாதுன்னு. 2025 ஏப்ரல்ல வந்த ஈக்விவலன்ஸ் விதியிலயும் ஃபிரான்சைஸ்ல வாங்கின டிகிரிக்கு ஈக்விவலன்ஸ் கிடையாதுன்னு மறுபடியும் தெளிவா சொல்லியாச்சு. அப்புறம் எங்க பேங்க் எக்ஸாம், எங்க டி.என்.பி.எஸ்.சி. "அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழக பட்டம்"னு நோட்டிஃபிகேஷன்ல முதல் வரியே அது தான். சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன் டேபிள்ல உக்காந்தவர் கிட்ட லண்டன் பேர காட்டினா அவரு ஈக்விவலன்ஸ் லெட்டர் எங்கம்மான்னு தான் கேப்பாரு.

வேளச்சேரி_சுந்தர்

அட ஏங்க இவ்ளோ பயமுறுத்தறீங்க. பையன் பேங்க் எக்ஸாம் தான் எழுதணுமா? என் கூட வேலை பாக்கறவன் இந்த மாதிரி ஒரு இன்ஸ்டிடியூட்ல தான் படிச்சான், இப்ப ஐ.டி கம்பெனியில நல்லா தான் இருக்கான். பிரைவேட்ல இன்டர்வியூல என்ன பேசறன்னு தான் பாக்கறாங்க. சொல்லப்போனா நம்ம ஊர் அஃபிலியேட்டட் காலேஜ் பாதியில இதவிட மோசமா தான் பாடம் நடக்குது, அதுக்கெல்லாம் யு.ஜி.சி முத்திரை பளபளன்னு இருக்கு. முத்திரை இருந்தா தரம்னு நினைக்கறது தான் பெரிய ஏமாத்து வேலை.

ஃபைல்நம்பர்

சுந்தர் சார், கடைசி வரி உண்மை, நான் மறுக்கல. முத்திரை இருந்தும் மோசமான இடம் எவ்வளவோ இருக்கு. ஆனா அங்க படிச்ச பையனுக்கு மோசமான படிப்பு மட்டும் தான் நஷ்டம், கதவு எதுவும் அடைக்கல. இங்க படிப்பு நல்லாவே இருந்தாலும் கதவு அடைக்குது. 18 வயசுல அவன் என்ன ஆகப்போறான்னு யாருக்கு தெரியும், 24 வயசுல திடீர்னு சட்டம் படிக்கணும்னு தோணும், பி.எட் போகணும்னு தோணும், அப்ப தான் இந்த பேப்பர் எதுக்கும் ஆகலைன்னு தெரியும். உங்க ஃப்ரெண்டு ஐ.டி கம்பெனியில நல்லா இருக்காரு, சந்தோஷம், பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் கொஞ்சம் கறாரா பண்ற கம்பெனிக்கு மாறும்போது கேட்டு பாருங்க.

சால்மியா_ராஜா

நான் குவைத்துல இருக்கேன், சிவில் இன்ஜினியர். இந்த த்ரெட்ட படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது வேற விஷயம், ஆனா கேள்விக்கு சம்பந்தம் இருக்கு.

நம்ம யு.ஜி.சி ஒத்துக்கிட்டா மட்டும் போதும்னு நினைக்காதீங்க, போய் இறங்கற நாடு என்ன கேக்குதுன்னு ஒண்ணு இருக்கு. 2018ல இங்க ஒரு ரூல் வந்துச்சு, இன்ஜினியர்னு அகாமா (இங்க தங்கறதுக்கான அனுமதி) புதுப்பிக்கணும்னா குவைத் சொசைட்டி ஆஃப் இன்ஜினியர்ஸ் கிட்ட என்.ஓ.சி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) வாங்கணும்னு. அவங்க இந்திய டிகிரிய எத வெச்சு பாத்தாங்கன்னா என்.பி.ஏ லிஸ்ட், அதாவது ஒவ்வொரு இன்ஜினியரிங் பிராஞ்சுக்கும் தனித்தனியா அங்கீகாரம் குடுக்கற நம்ம நாட்டு அமைப்போட லிஸ்ட். அதாவது காலேஜுக்கு நாக் இருக்கா, அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேஷன் இருக்கா, தொழில்நுட்ப படிப்புக்கான ஏ.ஐ.சி.டி.இ அனுமதி இருக்கா, அதெல்லாம் அவங்களுக்கு வேண்டாம், நீ படிச்ச பிராஞ்சுக்கு நீ படிச்ச காலத்துல என்.பி.ஏ இருந்துச்சா, அவ்ளோ தான். என்.பி.ஏவே 1994ல தான் ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி பாஸான சீனியர் ஆளுங்க என்ன பண்ணுவாங்க சொல்லுங்க? இருபத்தஞ்சு வருஷம் பாலம் கட்டினவரு, திடீர்னு நீ இன்ஜினியரே இல்லைங்கற மாதிரி ஆயிடுச்சு. ஆயிரக்கணக்குல நம்ம ஆளுங்க மாட்டினாங்க, டெல்லி வரைக்கும் பேச்சு போச்சு. நிறைய பேர் விசாவுல தொழில் பேரையே மாத்திக்கிட்டாங்க.

இன்னொண்ணு, இந்தியா 2014ல வாஷிங்டன் அக்கார்டுல (இன்ஜினியரிங் படிப்ப நாடுகள் ஒருத்தருக்கொருத்தர் ஒத்துக்கற ஒப்பந்தம்) சேந்துடுச்சு, இனி நம்ம பி.இ உலகம் முழுக்க செல்லும்னு காலேஜ் பேனர்ல போடுவான் பாருங்க, அதுவும் பாதி உண்மை தான். என்.பி.ஏல டயர் ஒன், டயர் டூன்னு ரெண்டு இருக்கு. ஐ.ஐ.டி, என்.ஐ.டி, யுனிவர்சிட்டி, ஆட்டோனமஸ் காலேஜ் இதெல்லாம் டயர் ஒன்ல வரும், சாதா அஃபிலியேட்டட் காலேஜ் டயர் டூ. அக்கார்டு செல்றது டயர் ஒன்ல அங்கீகாரம் வாங்கின புரோகிராமுக்கு மட்டும். பேனர்ல இத எவனும் எழுத மாட்டான்.

அதனால தங்கச்சி, தம்பி நாளைக்கு எந்த நாட்டுக்கு போவான்னு ஒரு யோசனை இருந்தா அந்த நாட்டுக்காரன் எந்த லிஸ்ட்ட பாக்கறான்னு இப்பவே பாத்துக்கோங்க. ஜெர்மனின்னா அனபின்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, அதுல யுனிவர்சிட்டி பேருக்கு எதிர்ல ஹெச் பிளஸ்னு (அங்கீகாரம் உண்டுன்னு அர்த்தம்) இருக்கணும், அத யார் வேணா ஓப்பன் பண்ணி பாக்கலாம், காசு இல்ல.

கிள்ளான்_மணி

நான் மலேசியா, இங்க ஒரு தனியார் கல்லூரியில பார்ட்னர்ஷிப் பிரிவுல வேலை. கேள்வியில ஒரு வரி எல்லாரும் விட்டுட்டீங்க. "இங்கிலாந்துக்காரங்க வந்து பாப்பாங்களா"ன்னு கேட்டாங்களே, அதுக்கு நான் சொல்றேன், ஏன்னா எனக்கு சம்பளமே அதுக்கு தான்.

பாப்பாங்க. ஒழுங்கான ஏற்பாடா இருந்தா நல்லாவே பாப்பாங்க. எங்க கல்லூரியில மூணு வருஷமும் இங்கயே படிச்சு இங்கிலாந்து டிகிரி வாங்கற கோர்ஸ் இருக்கு, இங்க அதுக்கு திரீ பிளஸ் ஜீரோன்னு பேரு. 97-98ல ரிங்கிட் அப்படியே சரிஞ்சு போச்சு, அதுவரைக்கும் ரெண்டு வருஷம் இங்க ஒரு வருஷம் அங்கன்னு போய்கிட்டு இருந்த பிள்ளைங்க போக முடியாம நின்னாங்க, அப்ப தான் கவர்மெண்டு சரி முழுசா இங்கயே முடிங்கன்னு கதவ திறந்துச்சு. திறந்தது மட்டும் இல்ல, 96லயே தனியார் உயர்கல்விக்கு தனி சட்டம் போட்டு தர அங்கீகாரத்துக்குன்னு தனி அமைப்பும் வெச்சிருந்தாங்க, அது தான் 2007ல எம்.கியூ.ஏ ஆச்சு. ஆஸ்திரேலியாவோட மோனாஷ் யுனிவர்சிட்டி 1998ல இங்க கேம்பஸ் போட்டப்பவும் சரி, இங்கிலாந்தோட நாட்டிங்காம் யுனிவர்சிட்டி வந்தப்பவும் சரி, அவங்க ஊர்ல பெரிய பேரு இருக்குன்னு சும்மா விடல, இங்க உள்ளூர் அங்கீகாரமும் வாங்கியாகணும். எம்.கியூ.ஏவோட பதிவேடு ஆன்லைன்ல இருக்கு, கல்லூரி பேரு போட்டா எந்த கோர்ஸ், யார் டிகிரி குடுக்கறா, எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும் அங்கீகாரம், எல்லாம் வரும். அந்த பதிவேட்டுல இல்லாத கோர்ஸுக்கு கல்விக்கடனும் கிடைக்காது, அரசாங்க வேலையும் கிடைக்காது.

இப்ப உள்ள என்ன நடக்கும்னு சொல்றேன். பரீட்சை கேள்வித்தாள நாங்க எழுதி அங்க அனுப்புவோம், அவங்க ஓகே சொன்னா தான் அச்சுக்கு போகும். சில கோர்ஸ்ல அவங்களே எழுதி அனுப்புவாங்க. விடைத்தாள் திருத்தினதும் ஒரு மாதிரி எடுப்பாங்க, அதுல தான் விஷயமே இருக்கு. முதல் மார்க் வாங்கினது ஒண்ணு ரெண்டு, நடுவுல கொஞ்சம், அப்புறம் ஃபெயில் ஆனது எல்லாம், பார்டர்ல பாஸ் ஆனது எல்லாம். அது இங்கயே வேற ஆளால ரெண்டாவது தடவை திருத்தப்படும், பிறகு அங்க போகும், அப்புறம் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர்னு ஒருத்தர், அவரு டிகிரி குடுக்கற யுனிவர்சிட்டி ஆளும் இல்ல எங்க ஆளும் இல்ல, மூணாவது யுனிவர்சிட்டிக்காரரு, அவரும் பாத்து ரிப்போர்ட் எழுதுவாரு. இங்கிலாந்துல இருந்து ஒரு அம்மா வருவாங்க எங்களுக்கு, பாக்க சாதுவா இருப்பாங்க, வந்ததும் முதல் வேலையா "லெக்சரர்ஸ் எல்லாம் கொஞ்சம் வெளிய இருங்க"ன்னு சொல்லிட்டு மாணவங்கள மட்டும் உக்கார வெச்சு பேசுவாங்க. அசைன்மெண்ட் திரும்ப வர எவ்வளவு நாள் ஆகுது, கமெண்ட் எழுதியிருக்கா இல்ல வெறும் மார்க்கான்னு கேப்பாங்க. ஒரு தடவை 40ல பாஸ் போட்ட பேப்பர் அத்தனையும் கொண்டு வர சொன்னாங்க, எங்க ஆளுங்க 38, 39ஐ எல்லாம் 40க்கு ஏத்தி விட்டிருக்காங்களான்னு பாக்க. எங்க டீன் முகத்த நீங்க பாத்திருக்கணும்.

இது ஒழுங்கான கதை. ஒழுங்கில்லாத கதையும் நடந்திருக்கு. வேல்ஸ் யுனிவர்சிட்டின்னு ஒரு பழைய பேரு, அவங்க உலகம் முழுக்க நூத்துக்கும் மேல கல்லூரிக்கு கோர்ஸ் வேலிடேட் பண்ணி (தரம் சரின்னு ஒப்புதல் குடுத்து) டிகிரி குடுத்துகிட்டு இருந்தாங்க. 2010ல பிபிசி வேல்ஸ் தோண்டி பாத்தா, இங்க கோலாலம்பூர்ல ஒரு பார்ட்னர் கல்லூரிய நடத்தறவரு ஒரு பாடகரு, அவரோட சொந்த டிகிரியே போலி. பாங்காக்ல இன்னொரு பார்ட்னருக்கு அந்த நாட்டுல நடத்தவே அனுமதி இல்ல. அடுத்த வருஷம் அக்டோபர்ல, வெளி கல்லூரிக்கு டிகிரி குடுக்கற வேலையே இனி வேண்டாம்னு அவங்களே நிறுத்திட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேல பழமையான பேரு சிஸ்டர். அங்க பேரு பெருசா இருந்துச்சு, இத்தனை நாட்டுல இத்தனை இடத்த போய் பாக்க ஆள் தான் இல்ல.

அதனால என் கணக்கு ஒண்ணு தான். டிகிரி குடுக்கறவனும் பாக்கணும், பாடம் நடக்கற ஊர் அரசாங்கமும் பாக்கணும். ரெண்டு கண்ணு வேணும். நீங்க சொல்ற சென்னை ஏற்பாட்டுல ரெண்டாவது கண்ணு இல்லவே இல்லன்னு தோணுது, ஏன்னா ஃபைல்நம்பர் சார் சொல்ற மாதிரி அது யு.ஜி.சி கணக்குலயே இல்ல. முதல் கண்ணு இருக்கான்னு கூட நமக்கு தெரியல.

வேளச்சேரி_சுந்தர்

மணி அண்ணே நல்லா எழுதினீங்க. ஆனா ஒரு சந்தேகம், நம்ம யு.ஜி.சி ரெண்டாவது கண்ணா இருக்கா? முதல் 500 ரேங்க்ல இருந்தா வா, கேம்பஸ் போட்டுக்கோன்னு சொல்றது தானே விதி. ரேங்கிங்ல பாதிக்கு மேல ரிசர்ச் பேப்பரும் நாலு பேர் சொல்ற பேரும் புகழும் தான். அங்க நோபல் வாங்கினவரு இருந்தா இங்க குருகிராம்ல முதல் வருஷ பையனுக்கு அக்கவுண்டிங் நடத்தறவரு நல்லா நடத்துவாருன்னு என்ன உத்தரவாதம்?

ஃபைல்நம்பர்

நியாயமான கேள்வி, எனக்கும் அந்த ரேங்கிங் வடிகட்டி பிடிக்கல. அது சோம்பேறித்தனம். உள்ள விடறதுக்கு ரேங்க் பாத்தது ஒரு பக்கம், உள்ள வந்ததுக்கு அப்புறம் அந்த 2023 விதியில இன்னும் கொஞ்சம் இருக்கு. இங்க நடத்தற ஆசிரியருக்கு தாய் கேம்பஸ்ல கேக்கற அதே தகுதி இருக்கணும். ஆன்லைன் கிளாஸ் 10 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. தரத்தணிக்கை பண்ணி ரிப்போர்ட் யு.ஜி.சி கிட்ட குடுக்கணும். பேருக்கு ஒரு லேர்னிங் சென்டர், ஸ்டடி சென்டர்னு கிளை திறக்க முடியாது. முக்கியமானது, யு.ஜி.சி கிட்ட முன்னாடியே கேக்காம கோர்ஸ நிறுத்தவோ கேம்பஸ மூடவோ கூடாது, அப்படி மூடினா நடுவுல இருக்கற பிள்ளைங்களுக்கு வழி பண்றது தாய் யுனிவர்சிட்டி பொறுப்பு.

கடைசியா சொன்னது சும்மா எழுதினது இல்ல. 2007ல நியூ சவுத் வேல்ஸ் யுனிவர்சிட்டி சிங்கப்பூர்ல பெரிய விளம்பரத்தோட கேம்பஸ் திறந்தாங்க, எதிர்பார்த்த கூட்டம் வரல, 148 பேர் தான் சேந்தாங்க. ஒரே ஒரு செமஸ்டர். அதே வருஷம் ஜூன்ல மூடிட்டாங்க. சிட்னியில வந்து படிங்க, உதவித்தொகை தர்றோம்னு சொன்னாங்க, சிங்கப்பூர்லயே இருந்து படிக்கணும்னு சேந்தவன் எப்படி போவான்? சிங்கப்பூர் அரசாங்கம் கூப்பிட்டு கொண்டு வந்த, நல்ல பேரு உள்ள யுனிவர்சிட்டிக்கே இந்த கதி. வாடகை பில்டிங் இன்ஸ்டிடியூட் ரெண்டாவது வருஷம் பூட்டினா யார தேடுவீங்க?

இந்த விதி எல்லாம் பேப்பர்ல இருக்கு, யு.ஜி.சி எவ்வளவு பல்லோட அமல் பண்ணுதுன்னு நாலஞ்சு வருஷம் போனா தான் தெரியும், அதுவரைக்கும் நான் யாருக்கும் சர்டிஃபிகேட் குடுக்க மாட்டேன். யுனெஸ்கோவும் ஓ.இ.சி.டியும் சேந்து 2005லயே எல்லை தாண்டற உயர்கல்விக்கு வழிகாட்டி போட்டாங்க, அரசாங்கம், கல்லூரி, மாணவர் அமைப்பு, தர அமைப்பு, எல்லாரும் என்னென்ன செய்யணும்னு அழகா எழுதியிருக்கு. யாரையும் கட்டுப்படுத்தாது. எங்க ஆபீஸ்ல மீட்டிங்னா பி.பி.டியில முதல் ஸ்லைடு அது தான்.

நிற்க. கொங்குப்பொண்ணு சிஸ்டர், நீங்க இன்னும் விவரம் போடவே இல்ல. அந்த ஆஃபர் லெட்டர்லயும் ரசீதுலயும் என்ன எழுதியிருக்குன்னு அப்படியே டைப் பண்ணுங்க, பேர மட்டும் மறைச்சுட்டு.

கொங்குப்பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, படிக்க படிக்க வயித்துல புளி கரைக்குது. லெட்டர எடுத்து வெச்சு பாத்து எழுதறேன்.

மேல இன்ஸ்டிடியூட் பேரு பெருசா, பக்கத்துல யுனிவர்சிட்டி லோகோ சின்னதா. அதுக்கு கீழ "இன் அகாடமிக் அசோசியேஷன் வித்"னு போட்டு யுனிவர்சிட்டி பேரு. உள்ள "இன்டர்நேஷனல் புரோகிராம் இன் பிசினஸ் மேனேஜ்மென்ட், பாத்வே டு பி.ஏ ஆனர்ஸ்"னு இருக்கு. டிகிரி யார் குடுப்பாங்கன்னு நேரா ஒரு வரி கூட இல்லைங்க, நானும் ரெண்டு மூணு தடவை படிச்சு பாத்துட்டேன். ரசீது ஒரு பிரைவேட் லிமிடெட் பேருல இருக்கு, 25,000ல ஜி.எஸ்.டி 18 சதவீதம் சேத்துன்னு பிரிச்சு காட்டியிருக்கு. பின்னாடி பொடி எழுத்துல "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீ நாட் ரிஃபண்டபிள்". தம்பி நான் கேக்கறது எல்லாம் பாத்துட்டு மூஞ்சிய தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கான்.

ஃபைல்நம்பர்

ஜி.எஸ்.டி 18 சதவீதம்னு இருக்கா? அப்ப அவங்களே எழுதி குடுத்துட்டாங்க சிஸ்டர். இந்திய சட்டப்படி அங்கீகாரம் உள்ள பட்டத்துக்கான படிப்புக்கு ஜி.எஸ்.டி கிடையாது, விலக்கு. உங்க ஊர் ஆர்ட்ஸ் காலேஜ் ஃபீஸ் ரசீத எடுத்து பாருங்க, ஜி.எஸ்.டி வரியே இருக்காது. 18 போடறாங்கன்னா, நாங்க நடத்தறது சட்டம் ஒத்துக்கற பட்டப்படிப்பு இல்ல, கோச்சிங் மாதிரி ஒரு சர்வீஸ்னு வரி ஆபீஸ் கிட்ட ஒத்துக்கறாங்க. கவுன்சிலர் வாயால ஒண்ணு, ஆடிட்டர் பேனாவால ஒண்ணு.

"பாத்வே"ன்னா நிறைய இடத்துல அர்த்தம் என்னன்னா, இங்க ரெண்டு வருஷம் படிச்சா அங்க கடைசி வருஷத்துல சேர விண்ணப்பிக்கலாம்னு. சேர்த்துக்குவாங்கன்னு இல்ல, விண்ணப்பிக்கலாம்னு. ஆனா நான் ஊகத்துல சொல்லக்கூடாது. அந்த யுனிவர்சிட்டி வெப்சைட்டுல அவங்களோட பார்ட்னர் லிஸ்ட் இருக்கும், இங்கிலாந்துல பெரும்பாலும் போட்டிருப்பாங்க, அதுல இந்த இன்ஸ்டிடியூட் பேரு இருக்கா, இருந்தா எந்த வகைன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. அப்புறம் அவங்க பார்ட்னர்ஷிப் ஆபீஸுக்கு ஒரு மெயில். சுத்தி வளைக்காம நாலு கேள்வி கேளுங்க: இந்த கோர்ஸுக்கு டிகிரி குடுக்கறது நீங்களா, என் தம்பி உங்க ரெஜிஸ்டர்ல மாணவனா பதிவாவானா, எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் உண்டா, இடையில இவங்க மூடினா நீங்க முடிச்சு குடுப்பீங்களா. பதில் எழுத்துல வரட்டும். ஃபோன்ல பேசாதீங்க.

கிள்ளான்_மணி

அந்த மெயிலோட கவுன்சிலர் அனுப்பின பிரவுச்சரையும் அட்டாச் பண்ணுங்க. லோகோவ அனுமதி இல்லாம பெருசாக்கி போட்டா அங்க உடனே கோவம் வரும், பதிலும் சீக்கிரம் வரும். என் அனுபவம்.

சால்மியா_ராஜா

தம்பி மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தா இருக்கட்டும் தங்கச்சி. வெளிநாடு போகணும்னு தான் ஆசைன்னா பி.காம இங்க முடிச்சுட்டு மாஸ்டர்ஸ் அங்கயே போய் படிக்க சொல்லு, இந்த பன்னண்டு லட்சம் அதுக்கு ஆவும்.

கொங்குப்பொண்ணு

பதில் வந்துடுச்சுங்க. பார்ட்னர்ஷிப் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா தெளிவா எழுதியிருக்காங்க. அவங்களுக்கும் இந்த இன்ஸ்டிடியூட்டுக்கும் இருக்கறது புரோக்ரஷன் ஒப்பந்தம் மட்டும் தானாம். ரெண்டு வருஷம் இங்க முடிச்சவங்க மார்க்கும் ஐ.ஈ.எல்.டி.எஸ் இங்கிலீஷ் பரீட்சை ஸ்கோரும் சரியா இருந்தா அங்க போய் மூணாவது வருஷம் படிக்க விண்ணப்பிக்கலாம், ஃபீஸ் அங்க உள்ள வெளிநாட்டு மாணவர் ஃபீஸ். இந்தியாவுல எந்த டிகிரியும் நாங்க குடுக்கறது இல்லைன்னு தனி வரியா எழுதியிருக்காங்க. மணி அண்ணா சொன்ன மாதிரியே பிரவுச்சர எங்க இருந்து கிடைச்சதுன்னு திருப்பி கேட்டிருக்காங்க.

இத கவுன்சிலர் கிட்ட ஃபார்வர்ட் பண்ணேன். "அது பழைய ஒப்பந்தம் மேடம், புதுசு சைன் ஆகப்போகுது, இந்த வாரம் ஃபுல் ஃபீஸ் கட்டினா ஐம்பதாயிரம் குறைக்கறோம்"ங்கறாங்க. அப்பாவே ஃபோன வாங்கி வேண்டாம்னு சொல்லிட்டாரு. தம்பி பி.காம் அப்ளிகேஷன் போட்டிருக்கான், ரெண்டு நாளா பேசல, இன்னிக்கு தான் சாப்பிட வந்தான். அந்த 25,000 மட்டும் திரும்ப வாங்க வழி இருக்காங்க? நாட் ரிஃபண்டபிள்னு போட்டிருக்கே.

ஃபைல்நம்பர்

யு.ஜி.சி ஃபீஸ் ரிஃபண்ட் விதி இவங்களுக்கு செல்லாது, ஏன்னா இவங்க காலேஜே இல்ல. ஆனா அதுவே உங்களுக்கு நல்லது, ஜி.எஸ்.டி போட்டு சர்வீஸ் வித்திருக்காங்க, சொன்னது ஒண்ணு குடுக்கறது ஒண்ணுன்னா அது நுகர்வோர் புகார். முதல்ல பணத்த திருப்பி கேட்டு அவங்களுக்கு ஒரு மெயில், அதோட யுனிவர்சிட்டி பதில், பிரவுச்சர், ரசீது மூணும். பதினஞ்சு நாள் டைம் குடுங்க. வரலைன்னா 1915க்கு அடிச்சு நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணுங்க, ஆன்லைன்லயும் போடலாம். நிறைய பேர் அந்த ஸ்டேஜ்லயே குடுத்துடுவாங்க. குடுக்கலைன்னா ஈரோடு மாவட்ட நுகர்வோர் கோர்ட், நீங்க இருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், சென்னை அலைய வேண்டாம். கவுன்சிலர் வாட்ஸ்அப்ல அனுப்பினது எதையும் டெலீட் பண்ணிடாதீங்க, தம்பி ஃபோன்ல இருக்கறதையும் சேத்து பேக்கப் எடுத்து வெச்சுக்கோங்க.